மேடை உடை தைக்கக் கற்பது: லண்டன் கலைக் கல்லூரியா, தில்லியா, இங்கேயேவா?

நூலோட்டம் (கோயம்புத்தூர்)

அனைவருக்கும் வணக்கம். கோவையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் இளநிலைப் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். படிப்பின் பெயரில் காஸ்ட்யூம் இருந்தாலும், நாங்கள் பெரும்பாலும் கற்றது திருப்பூரின் ஏற்றுமதித் தொழிலுக்கு வேண்டியவற்றையே: பின்னலாடையின் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) கணக்கு, ஒரே பேட்டர்னை, அதாவது துணி வெட்டுவதற்கான தாள் மாதிரியை, பல அளவுகளுக்கு மாற்றும் கிரேடிங், துணியில் பேட்டர்ன்களை நெருக்கமாக அடுக்கும் மார்க்கரைக் கணினியில் போடுவது, தரக் கட்டுப்பாடு. இவை வீண் என்று சொல்ல மாட்டேன். எங்களுக்கு முன்னால் படித்த அக்காக்கள் பலர் மெர்ச்சண்டைசர்களாக நல்ல சம்பளத்தில் இருக்கிறார்கள்.

ஆனால் என் விருப்பம் நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் உடை தைப்பது. படம் வரைவதைவிட, இன்னொருவர் வரைந்து கொடுத்ததைத் துணியில் கொண்டுவந்து ஒரு நடிகரின் உடம்பில் நிறுத்துவதே எனக்குப் பிடித்திருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு நாடகக் குழுவுக்காகப் பாளையக்காரர் காலத்து நீண்ட அங்கி ஒன்றைத் தைத்தேன். பொம்மையில் போட்டுப் பார்த்தபோது அழகாக நின்ற அங்கி, நடிகர் வாளை ஓங்கியவுடன் வெகுவாக மேலேறிவிட்டது. கை வளையத்தை, அதாவது உடலில் கையைப் பொருத்தும் துளையை, பெரிதாக வெட்டினால் சரியாகும் என்று சிலர் சொன்னார்கள். அப்படிச் செய்தால் இன்னும் அதிகமாக ஏறுகிறது. இதற்கு விடை சொல்லக்கூடியவர் யாரும் எங்கள் துறையில் இல்லை.

இப்போது மூன்று வழிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. லண்டன் விம்பிள்டன் கலைக் கல்லூரியில் நாடகத்துக்கும் திரைக்குமான உடை பற்றிய இளநிலைப் படிப்பு, தில்லி தேசிய நாடகப் பள்ளி, அல்லது சென்னையில் ஒரு நல்ல நாடக உடைத் தையற்காரரிடம் வேலைக்குச் சேருவது. “தையல் படிக்க லண்டனுக்கா?” என்று அப்பா கேட்கிறார், அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஏற்கெனவே ஒரு பட்டம் இருக்கும்போது மீண்டும் ஓர் இளநிலைப் பட்டத்துக்குப் போகலாமா? அங்கே உண்மையில் என்னதான் கற்றுத் தருகிறார்கள்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தேம்ஸ்கரை (லண்டன்)

அன்புத் தங்கைக்கு வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இங்கே ஒரு கலைக் கல்லூரியில் உடை தயாரிப்புப் படித்து, இப்போது நாடகங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் உங்கள் அங்கிக்கு வருகிறேன். கை வளையத்தைப் பெரிதாக்கினால் கை தூக்கும்போது உடை அதிகமாக மேலேறும். சிறிதாக்கி, அக்குளுக்கு மிக நெருக்கமாக உயர்த்தி வெட்டினால்தான் உடல் பகுதி தன் இடத்தில் நிற்கும். கை உயரும்போது அக்குளுக்கும் வளையத்தின் அடிக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கிறதோ, அவ்வளவு துணியையும் கை தன்னோடு இழுத்துச் செல்கிறது என்பதே காரணம். பழைய ஐரோப்பியக் கோட்டுகளைப் பார்த்தால் கை வளையம் நம்ப முடியாத அளவுக்குச் சிறிதாகவும், தைத்த கையின் மேல்முனை அகன்றும் இருக்கும். அவற்றைப் போட்டுக்கொண்டு குதிரையும் ஓட்டினார்கள், வாளும் வீசினார்கள். அப்படியும் போதாவிட்டால் அக்குளில் ஒரு சாய்சதுரத் துண்டைச் சேர்க்கலாம். நம் ஊர் குர்த்தா தைப்பவர்களுக்கு அந்தத் துண்டு நன்றாகத் தெரியும்.

இங்குள்ள படிப்பில் என்ன கற்றுத் தருகிறார்கள் என்ற உங்கள் கேள்விக்கு இதையே பாதி விடையாக எடுத்துக்கொள்ளலாம். ஏற்றுமதி ஆடை பல்லாயிரம் பேருக்குச் சுமாராகப் பொருந்த வேண்டியது. மேடை உடை ஒரே ஒருவருக்கு, அவர் ஓடினாலும் விழுந்தாலும் பாடினாலும் பொருந்த வேண்டியது. ஓப்பரா பாடகருக்கு அளவெடுக்கும்போது சாதாரணமாக நிற்கையில் ஒரு முறையும், மூச்சை முழுவதுமாக இழுத்து விலா விரிந்திருக்கையில் இன்னொரு முறையும் மார்பை அளப்போம்.

இங்கே வேலைப் பிரிவினை மிகத் தெளிவானது. உடையை வடிவமைப்பவர் ஒருவர், பணத்தையும் காலத்தையும் ஆட்களையும் கவனிக்கும் மேற்பார்வையாளர் ஒருவர், படத்தைப் பார்த்துப் பேட்டர்ன் போட்டுத் துணியை வெட்டுபவர் ஒருவர், தைப்பவர்கள் சிலர், நாடகம் நடக்கும்போது திரைக்குப் பின்னால் நின்று உடை மாற்றிவிடுபவர்கள் வேறு சிலர். நீங்கள் விரும்புவது வெட்டுபவரின் வேலையும் தைப்பவரின் வேலையும் என்றால், எந்தப் படிப்பிலும் பாடத்திட்டத்தின் எடை வடிவமைப்பில் இருக்கிறதா தயாரிப்பில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். விம்பிள்டன் கலைக் கல்லூரி 2006 முதல் லண்டன் கலைப் பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பு. நாடகக் கலைகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே வடிவமைப்பும் தயாரிப்பும் சேர்ந்தே வருகின்றன. அதே பல்கலைக்கழகத்தின் லண்டன் ஃபேஷன் கல்லூரியிலும், போர்ன்மவுத் கலைப் பல்கலைக்கழகத்திலும் நிகழ்த்துகலை உடைக்கான படிப்புகள் உண்டு. ராயல் சென்ட்ரல் நாடகப் பள்ளியில் உடை தயாரிப்பைத் தனிப் பிரிவாகவே படிக்கலாம். உங்கள் விருப்பத்துக்கு இந்தக் கடைசிப் பிரிவே மிக நெருக்கமானது என்பது என் எண்ணம்.

படிப்பின் தொடக்கத்தில் பெரும்பாலும் கைத்தையல்தான். துணியின் விளிம்பு பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் இயந்திரத்தில் நான்கு ஆண்டுகள் பழகியவர்களுக்கு இது அவமானமாகக்கூடத் தோன்றும். பிறகு பழைய உடைகளின் வெட்டு வரும். ஜேனட் ஆர்னல்ட் என்ற ஆய்வாளர், அருங்காட்சியகங்களில் உள்ள உண்மையான உடைகளை ஒவ்வொரு தையலாக அளந்து, எட்டில் ஒரு பங்கு அளவில் வரைபடங்களாக வெளியிட்டிருக்கிறார். வரைபடத்தில் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு ஒவ்வொன்றையும் முழு அங்குலமாக்கிப் பெரிய தாளில் வரைவோம். பிறகு அந்த வெட்டின் தர்க்கத்தை உள்வாங்கிக்கொண்டு இன்றைய நடிகரின் உடம்புக்கு மாற்றுவோம். இரண்டாவது பகுதிதான் கடினம். முன்னூறு ஆண்டுகளுக்கு முந்தைய உடையின் தோள் தையல் தோளின் மேல் இருக்காது, முதுகுப்புறம் இறங்கியிருக்கும். முதுகுத் துண்டு இடுப்பை நோக்கிக் குறுகும். அதை இன்றைய சட்டையின் வெட்டில் தைத்துவிட்டு மேலே எத்தனை சரிகை வைத்தாலும் அந்தக் காலத்து நிற்கும் முறை வராது. பேட்டர்னை உடனே நல்ல துணியில் வெட்டுவதும் இல்லை. காடாத் துணியில் ஒரு மாதிரி தைத்து, நடிகருக்குப் போட்டு, அவர் மேலேயே குண்டூசி குத்திப் பென்சிலால் கோடு போட்டுத் திருத்தி, அந்தக் காடாவைப் பிரித்து மீண்டும் தாளுக்குக் கொண்டுபோவோம்.

அடுத்தது கோர்செட், உடம்பை இறுக்கி வடிவம் தரும் பழைய ஐரோப்பிய உள்ளாடை. இழுபடாத, நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் எஃகுப் பட்டைகளுக்கான குழல்களைத் தைத்து, நேரான இடங்களில் தட்டைப் பட்டையும், வளைந்த இடங்களில் பக்கவாட்டிலும் வளையும் சுருள் பட்டையும் செருக வேண்டும். கோர்செட் முடிந்த பிறகுதான் அதன் மேல் போடும் உடைக்கே அளவெடுக்க முடியும், ஏனெனில் உடம்பே மாறிவிடுகிறது. ஆண்கள் கோட்டில் மார்புப் பகுதிக்குள் குதிரை மயிர் கலந்த கேன்வாஸை வைத்து, துணியை இடது விரல்களின் மேல் வளைத்துப் பிடித்துக்கொண்டு, வெளியே தெரியாதபடி நூற்றுக்கணக்கான சாய்ந்த தையல்களைப் போட வேண்டும். அந்தத் தையல்கள் துணிக்கு நிரந்தரமான வளைவைத் தருகின்றன. கழுத்துப்பட்டை தானாகவே உருண்டு திரும்புவதைப் பார்க்கும்போது, ஒட்டும் பசைக் கேன்வாஸுக்கு ஏன் அந்த உயிர் வராது என்று புரியும்.

இவற்றுக்கு மேல் மேடைக்கே உரிய பழக்கங்கள் இருக்கின்றன. பக்கத் தையலிலும் நடு முதுகிலும் ஓர் அங்குலமோ அதற்கு மேலோ துணியை உள்ளே விட்டுவிடுவோம். இந்த நடிகர் போய் அடுத்தவர் வந்தால் பிரித்து விரிக்க வேண்டும். வாடகைக்குப் போகும் உடையென்றால் பல ஆண்டுகள் பல உடம்புகளுக்குப் போகும். ஒரு சென்டிமீட்டர் விட்டு ஓவர்லாக் அடித்து முடிக்கும் தொழிற்சாலைக் கை இங்கே மாற வேண்டும். விரைவாக மாற்ற வேண்டிய உடையில் முன்னால் தெரியும் பொத்தான்கள் வெறும் அலங்காரம்; உண்மையில் உடையைப் பிடித்திருப்பவை உள்ளே இருக்கும் டிச் பட்டன்களும் கொக்கிகளும். துவைக்க முடியாத உடைகளில் வியர்வை நாற்றம் போக வோட்காவைத் தெளிப்பார்கள் என்பதைக் கேட்டு என் அம்மா இன்றுவரை நம்பவில்லை. புத்தம் புதிதாகத் தைத்த கோட்டைப் பழசாகக் காட்டும் வேலையும் ஒரு பாடம்: முழங்கையை உப்புத்தாளால் தேய்த்து, விளிம்புகளைக் கம்பித் தூரிகையால் கிழித்து, சட்டைப் பைகளில் கல்லைப் போட்டு ஈரத்தோடு தொங்கவிட்டு, சாயம் அடித்துப் பத்தாண்டு பழசாக்குவோம்.

லண்டனில் படிப்பதன் பெரிய லாபம் வகுப்பறைக்கு வெளியே இருக்கிறது. 2025இல் கிழக்கு லண்டனில் திறக்கப்பட்ட விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகக் களஞ்சியத்தில், நீங்கள் பார்க்க விரும்பும் உடையை முன்கூட்டியே பதிவு செய்தால், எடுத்து மேசையில் வைத்துக் காட்டுகிறார்கள், கட்டணம் இல்லை. ஒரு ரவிக்கையின் வெளிப்புறத்தைப் படத்தில் பார்க்கலாம். அதன் உட்புறத்தை அங்கேதான் பார்க்க முடியும். 1965இல் தொடங்கிய காஸ்ப்ராப், 1840இல் தொடங்கிய ஏஞ்சல்ஸ் போன்ற உடை நிறுவனங்களும் இந்த நகரத்தில்தான் இருக்கின்றன.

கட்டணத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். லண்டன் கலைப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்கு மேல், மூன்றாண்டுகள், வாடகையும் சாப்பாடும் தனி. துணியும் நூலும்கூடக் கணிசமாகச் செலவு வைக்கும். கடன் வாங்கித்தான் வர முடியும் என்றால், தைப்பவரின் சம்பளத்தில் அந்தக் கடனை அடைப்பது மிகக் கடினம். உங்கள் அப்பாவின் கேள்வியை நானும் கேட்பேன்.

அரங்கப்பித்தன் (சென்னை)

தேசிய நாடகப் பள்ளியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1959இல் சங்கீத நாடக அகாதெமியின் கீழ் தொடங்கி 1975இல் தன்னாட்சி பெற்ற அந்தப் பள்ளியில் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. மாணவர்களுக்கு மாதாந்திர உதவித்தொகையும் உண்டு. ஆகவே செலவு என்ற அளவில் லண்டனோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் சகோதரி தேடுவது அங்கே கிடைக்குமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அது முழுமையான நாடகக் கலைஞரை உருவாக்கும் பள்ளி. தொடக்கத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் கற்கிறார்கள்: குரல், அசைவு, ஒளி, அரங்க அமைப்பு, உடை. பிறகு நடிப்பு ஒருபுறமும் வடிவமைப்பும் இயக்கமும் மறுபுறமுமாகப் பிரியும். உடை என்பது வடிவமைப்பின் ஒரு பங்கு. காட்சியின் நிறத்தோடும் ஒளியோடும் சேர்த்துச் சிந்திக்கக் கற்றுத் தருவார்கள், கோட்டின் கேன்வாஸுக்குள் தையல் போடக் கற்றுத் தருவது அவர்களுடைய நோக்கம் அல்ல. சேருவதற்கும் பட்டத்தோடு நாடகங்களில் பங்கேற்ற அனுபவம் கேட்பார்கள். உங்களுக்கு அந்த அனுபவம் ஓரளவு இருக்கிறது. ஆனால் முதலில் நீங்கள் தேர்வாளர்கள் முன்னால் நடித்துக் காட்ட வேண்டியிருக்கும், அதற்கு மனம் ஒப்ப வேண்டும்.

நம் நாட்டில் இந்த வேலைக்கு இரண்டு கதவுகள் எப்போதும் தனித்தனியாகவே இருந்துவந்திருக்கின்றன. கலைப் பள்ளி வழியாக வந்தவர்கள் வடிவமைப்பாளர்கள் ஆகிறார்கள். 1983இல் ‘காந்தி’ படத்துக்காக ஜான் மோலோவுடன் பகிர்ந்துகொண்டு இந்தியாவின் முதல் ஆஸ்கரைப் பெற்ற பானு அத்தையா, மும்பை ஜே.ஜே. கலைப் பள்ளியில் ஓவியம் பயின்றவர். தைப்பவர்கள் பெரும்பாலும் குடும்பத் தொழிலாகவோ தையற்கடை வழியாகவோ வருகிறார்கள். சென்னைத் திரையுலகில் காஸ்ட்யூமர்களுக்குத் தனிச் சங்கமே இருக்கிறது; உறுப்பினராகாமல் படப்பிடிப்பில் வேலை செய்வது எளிதல்ல. இரண்டையும் ஒரே கூரையின் கீழ், பட்டத்தோடு, கற்றுத் தரும் பள்ளி இங்கே இல்லாததுதான் சகோதரியின் சிக்கலுக்கு மூலம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்த்துகலைத் துறையில் முதுநிலை நாடகப் படிப்பு உண்டு. அங்கேயும் இதே நிலைதான். ஆனால் அங்கே தமிழ் நாடகக்காரர்களின் தொடர்பு கிடைக்கும், அது பிற்பாடு வேலைக்கு உதவும்.

விதிவிலக்காக ஒன்று நினைவுக்கு வருகிறது. 1930இல் வள்ளத்தோள் நாராயண மேனன் முன்னின்று தொடங்கிய கேரள கலாமண்டலத்தில், கதகளி நடிப்பையும் இசையையும் போலவே சுட்டி என்ற முக ஒப்பனையையும் ஒரு தனிப் பாடமாக ஆண்டுக்கணக்கில் கற்பிக்கிறார்கள். நடிகரைத் தரையில் படுக்கவைத்து, அரிசிமாவும் சுண்ணாம்பும் சேர்த்த குழம்பால் தாடையோரம் அடுக்கடுக்காக விளிம்பு கட்டுவது அந்த வேலை. கிரீடத்துக்குக் குமிழ் மரத்தைச் செதுக்கி மயிற்பீலி பதிப்பதும் அதே மரபைச் சேர்ந்ததுதான். நடிகருக்கு இணையான கலைஞராக ஒப்பனையாளரைப் பயிற்றும் கலைப் பள்ளி பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது. கூத்துக்கு அப்படி ஒன்றை நாம் அமைக்கவில்லை.

சரிகைக்கரை (மயிலாப்பூர்)

நான் பரதநாட்டிய உடைகள் தைப்பவன். மூன்றாவது வழியைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன்.

மேலே லண்டன் அம்மா சொன்னவற்றில் பாதியை எங்கள் கடையில் பெயர் தெரியாமலே செய்துவருகிறோம். நாட்டிய உடைக்கு அளவெடுக்கும்போது பெண்ணை நேராக நிற்கவைத்து ஒரு முறை, அரைமண்டியில் உட்காரவைத்து ஒரு முறை எடுப்போம். நின்ற அளவில் வெட்டினால் அரைமண்டியில் கவடு இழுத்துத் தையல் விட்டுப்போகும். உட்கார்ந்த அளவை மட்டும் நம்பினால் நிற்கும்போது பைபோலத் தொங்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பது ஒவ்வொரு உடம்புக்கும் மாறும், அதைத் தாளில் எழுதிக் கொடுக்க முடியாது. புடவையை வெட்டும் முன் முந்தானை விசிறிக்குப் போகுமா மேலாக்குக்குப் போகுமா என்று முடிவுசெய்ய வேண்டும். விசிறியில் ஒவ்வொரு மடிப்பிலும் கரை ஒரே உயரத்தில் விழ வேண்டும். தவறாக ஒரு வெட்டு விழுந்தால் வாடிக்கையாளரின் காஞ்சிப் பட்டு போய்விடும், ஆகவே புதிதாகச் சேருபவரிடம் கத்தரிக்கோலைச் சீக்கிரம் கொடுக்க மாட்டோம். வளரும் பிள்ளைகளுக்குத் தைக்கும்போது உள்ளே நிறையத் துணி விடுவதும், வியர்வையில் சரிகை கறுக்காமல் இருக்க ரவிக்கைக்குப் பருத்தி லைனிங் கொடுப்பதும் எங்களுக்குப் பிறவிப் பழக்கம்.

ஆனால் தங்கச்சி, உள்ளதைச் சொல்கிறேன். எங்களிடம் வந்தால் ஓர் உடையை மிக நன்றாகக் கற்றுக்கொள்வீர்கள்; ஒன்றை மட்டும். ராஜா கோட்டும் கவுனும் கேட்டு வருபவர்களை நாங்கள் வேறு கடைக்கு அனுப்பிவிடுகிறோம். கூத்துக்காரர்களிடம் போனாலும் அப்படித்தான். கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் இலேசான மரத்தில் செய்து, கண்ணாடியும் வண்ணத் தாளும் ஒட்டி, விடிய விடிய ஆடினாலும் நழுவாதபடி கயிற்றால் இறுக்கிக் கட்டும் வித்தை அவர்களுக்கே உரியது. அதைக் கற்க அந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போக வேண்டும். சம்பளம் குறைவு, பெண் பிள்ளைக்குக் கடையில் இரவு வேலை வரும் மார்கழி மாதத்தைப் பற்றி வீட்டில் முன்பே பேசிவிடுங்கள். இரண்டு ஆண்டுகள் இப்படி இருந்துவிட்டு லண்டனுக்குப் போனால் வீணாகாது என்பது என் கருத்து.

நூலோட்டம் (கோயம்புத்தூர்)

மூவருக்கும் மிக்க நன்றி. கை வளையத்தை உயர்த்திக் காடாத் துணியில் தைத்துப் பார்த்தேன். வாளை ஓங்கினாலும் அங்கி தன் இடத்திலேயே நிற்கிறது. இரண்டு கேள்விகள் மட்டும் இருக்கின்றன. லண்டன் கல்லூரிகளுக்கு அனுப்பும் வேலைத் தொகுப்பில் ஃபேஷன் வரைபடங்களை வைக்கலாமா? அங்கே படிக்கும்போதே தைத்துச் சம்பாதித்துச் செலவின் ஒரு பகுதியை ஈடுகட்ட முடியுமா?

தேம்ஸ்கரை (லண்டன்)

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனெனில் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். பட்டப்படிப்புக்கான மாணவர் விசாவில் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை சம்பள வேலை செய்யலாம். ஆனால் சுயதொழில் செய்ய அனுமதி கிடையாது. உடை தைக்கும் வேலையோ இங்கே பெரும்பாலும் சுயதொழில்தான்: ஒரு நாடகத்துக்கு ஆறு வாரம், ஒரு தொடருக்கு மூன்று மாதம் என்று ஒப்பந்தத்தில் எடுத்து, நாமே பில் அனுப்புவோம். தெரிந்தவர் ஒருவருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துப் பணம் வாங்குவதுகூட அந்த விதியை மீறுவதாகும். ஆகவே படிக்கும் காலத்தில் உங்கள் கைத்தொழிலால் சம்பாதிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கடையிலோ நாடக அரங்கின் உடைப் பிரிவிலோ சம்பளப் பட்டியலில் சேர்ந்தால் மட்டுமே முடியும். படிப்பு முடிந்த பின் கிடைக்கும் பட்டதாரி விசாவில் சுயதொழில் செய்யலாம், ஆனால் அதன் காலத்தைக் குறைத்திருக்கிறார்கள். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதம்தான். அதற்குப் பின் தங்குவதற்கு ஒரு நிறுவனம் உங்களை வேலையில் வைத்து விசாவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். தைப்பவர்களுக்கு அது கிடைப்பது மிக அரிது.

வேலைத் தொகுப்பில் நீண்ட கால்கள் கொண்ட ஃபேஷன் உருவங்களை அடுக்காதீர்கள். அந்தப் பாளையக்கார அங்கியை வையுங்கள். முதல் வெட்டில் அது மேலேறிய படம், காடாவில் நீங்கள் போட்ட பென்சில் கோடுகள், மாற்றிய பேட்டர்ன், வாளை ஓங்கிய நடிகரின் படம், உடையை உள்ளே திருப்பிப் போட்டு எடுத்த படம் ஆகியவற்றை வரிசையாக வைத்தால், நேர்காணலில் பேசுவதற்கு வேறு எதுவும் வேண்டாம். தைப்பவரைத் தேர்வு செய்பவர்கள் முதலில் உட்புறத்தைத்தான் பார்ப்பார்கள். உயிருள்ள மனிதரைப் பார்த்து வரைந்த சில படங்களையும் சேருங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை, எடை எந்தக் காலில் இருக்கிறது என்பது தெரிந்தால் போதும்.

முதுநிலைப் படிப்பைப் பற்றியும் நீங்கள் யோசிக்கக்கூடும். ஓராண்டோ சற்றுக் கூடுதலாகவோ முடிவதால் செலவு குறையும். ஆனால் இங்குள்ள முதுநிலைப் படிப்புகள் பெரும்பாலும் வடிவமைப்பையும் கருத்தாக்கத்தையும் நோக்கியவை, அடிப்படை வெட்டும் தையலும் கைவசம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே தொடங்குவார்கள். மயிலாப்பூர் அண்ணா சொன்னபடி இரண்டு ஆண்டுகள் அங்கே வேலை செய்துவிட்டு வந்தால் அந்தக் கதவு உங்களுக்குத் திறக்கலாம். அதற்குள் ஒரு பழைய கோட்டை எங்காவது வாங்கி, லைனிங்கைப் பிரித்து, ஒவ்வொரு துண்டாகக் கழற்றித் தாளில் வைத்து வரைந்து பாருங்கள். கோவையில் பழைய துணிச் சந்தையில் கம்பளிக் கோட்டு மலிவாகக் கிடைக்கும். இயந்திரத்தில் ஒட்டுக் கேன்வாஸ் வைத்ததாக இல்லாமல், கழுத்துப்பட்டையின் அடியில் சிறு சிறு தையல் புள்ளிகள் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.